பிரசவமாகி 7 மாசம் ஆச்சு, இருமினா கசியுது, கீழ கனமா இருக்கு, கெகல் பண்ணியும் ஏன் சரியாகல?

நீங்க எழுதினத முதல்ல சுருக்கி சொல்லிடறேன், நான் சரியா புரிஞ்சிக்கிட்டேனான்னு பாருங்க. முதல் குழந்தை, நார்மல் டெலிவரி, ரொம்ப நேரம் முக்கியும் தலை வராம கடைசில ஃபோர்செப்ஸ் (தலைய பிடிச்சு இழுக்கற இடுக்கி மாதிரி கருவி) போட்டு எடுத்தாங்க, தையல் போட்டாங்க. இப்ப 7 மாசம், இன்னும் தாய்ப்பால் குடுக்கறீங்க. இருமினா, தும்மினா, குழந்தைய குனிஞ்சு தூக்கினா யூரின் கசியுது. சாயங்காலம் ஆனா கீழ ஏதோ கனமா இறங்கி வர்ற மாதிரி இருக்கு. தாம்பத்தியத்துல வலி. 2 மாசமா வீடியோ பாத்து கெகல் எக்சர்சைஸ் (யூரின அடக்கற மாதிரி கீழ இருக்கற தசைய சுருக்கி விடற பயிற்சி) பண்றீங்க, ஒரு மாத்தமும் தெரியல, வீட்டுல "பிள்ளை பெத்தா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்"னு சொல்றாங்க. எப்ப சரியாகும்னு கேட்டிருக்கீங்க. ஆனா படிக்கறப்ப எனக்கு வேற ரெண்டு கேள்விதான் கேட்டுச்சு. இனிமே உடம்பு இப்படியேதான் இருந்துடுமா, நான் ஒழுங்கா எக்சர்சைஸ் பண்ணாததாலதான் இப்படியா. ரெண்டாவது கேள்விக்கு என் பதில், "இல்லவே இல்ல". முதல் கேள்விக்கு, "பெரும்பாலும் இல்ல", ஆனா அதுக்கு ஒருத்தர் உங்கள நேர்ல, கையால பரிசோதிச்சு பாக்கணும். நான் கீழ எழுதப்போற எல்லாமே சுத்தி சுத்தி அங்கதான் வந்து நிக்கும்.

நான் பிசியோதெரபிஸ்ட், பிரசவத்துக்கு அப்புறம் வர்ற இடுப்புத்தள பிரச்சினைகள பாக்கறதுதான் பல வருஷமா என் வேலை. டாக்டர் இல்ல, மருந்து எழுதறதும் ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு முடிவு பண்றதும் என் எல்லைக்கு வெளிய. அதனால இங்க சொல்றத உங்க நிலைமைய நீங்களே புரிஞ்சிக்கறதுக்கும் டாக்டர்கிட்ட போய் என்ன கேக்கணும்னு தெரிஞ்சிக்கறதுக்கும் வச்சுக்கோங்க, இத வச்சு உங்களுக்கு இன்னதுதான்னு நீங்களே முடிவு கட்டிடாதீங்க.

மொதல்ல உடம்புக்கு என்ன ஆச்சுன்னு பாக்கலாம். அடிவயிறு முடியற இடத்துல கைக்கு தட்டுப்படுதே ஒரு எலும்பு, அங்க ஆரம்பிச்சு பின்னாடி வால் எலும்பு வரைக்கும் அகலமா விரிஞ்சிருக்கற தசைங்கதான் இடுப்புத்தளம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் கீழேருந்து தாங்கறது இது, யூரின் போற வழி, குழந்தை வர்ற வழி, மோஷன் போற வழி மூணும் இதுக்குள்ள புகுந்துதான் வெளிய வருது. குழந்தையோட தலை வெளிய வர்ற நேரத்துல இந்த தசையோட நடுப்பகுதி தன்னோட இயல்பான நீளத்த விட 3 மடங்குக்கு மேல இழுபடுதுன்னு 2004ல கம்ப்யூட்டர் மாடல் வச்சு கணக்கு போட்டு காட்டினாங்க. கை கால் தசையெல்லாம் ஒன்றரை மடங்கு இழுத்தாலே அடிபட்டுடும். அப்ப இந்த தசை எவ்வளவு பெரிய வேலைய செஞ்சு முடிச்சிருக்குன்னு யோசிச்சு பாருங்க. தசையோட சேந்து அதுக்கு போற நரம்பும் இழுபடுது, தலை ரொம்ப நேரம் உள்ள அழுத்திக்கிட்டு இருந்தா நரம்பு நசுங்கவும் செய்யும். இழுபட்ட நரம்பு பெரும்பாலும் தானா தேறிடும், ஆனா வாரக்கணக்குல இல்ல, மாசக்கணக்குல. சில பேருக்கு இந்த தசை முன்பக்க எலும்புல ஒட்டியிருக்கற இடத்துலேருந்தே பிஞ்சிடும், ஃபோர்செப்ஸ் போட்டு எடுத்த பிரசவத்துல இதுக்கு வாய்ப்பு நல்லாவே அதிகம். உங்களுக்கு ஃபோர்செப்ஸ் போட்டாங்கன்னு சொன்னதும் நான் மொதல்ல நெனச்சது இதத்தான். பயமுறுத்த சொல்லல, உங்கள பரிசோதிக்கறவங்க இத கண்டிப்பா தேடிப் பாக்கணும்ங்கறதுக்காக சொல்றேன்.

6 வாரத்துல செக்கப் போனேன், எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. அவங்க சொன்னது தப்பில்ல, ஆனா அந்த 6 வாரக் கணக்கு முக்கியமா கர்ப்பப்பைக்கான கணக்கு. பிரசவம் ஆன உடனே 1 கிலோ கிட்ட இருக்கற கர்ப்பப்பை 6 வாரத்துல 100 கிராமுக்கும் கீழ சுருங்கிடுது, ரத்தப்போக்கு நின்னுடுது, தையல் மேலாக்க ஆறிடுது. தசைக்கும் நரம்புக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. அந்த செக்கப்புல பல இடத்துல உள்ள விரல் வச்சு தசைய சுருக்க சொல்லி பாக்கறதே இல்ல, நேரமும் இருக்கறதில்ல. ஸ்கேன் பண்ணி பாத்த ஆராய்ச்சிகள்ல இந்த தசைங்க தானா தேறறதுல பெரும்பகுதி முதல் 6 மாசத்துக்குள்ள நடந்து முடியுதுன்னு தெரியுது. நீங்க 7வது மாசத்துல இருக்கீங்க, அதனால "இன்னும் கொஞ்சம் பொறுத்து பாப்போம்"ங்கறது உங்களுக்கு நல்ல யோசனைன்னு நான் சொல்ல மாட்டேன்.

இப்ப "பிள்ளை பெத்தா இருக்கத்தான் செய்யும்"ங்கற பேச்சுக்கு வர்றேன், ஏன்னா இதுல பாதி உண்மை, மீதிதான் ஆபத்து. உண்மை எதுன்னா, பிரசவமான முதல் 3 மாசத்துல சுமார் 3ல 1 பெண்ணுக்கு ஏதாவது ஒரு அளவுல யூரின் கசியுது. நீங்க தனியா இல்ல. ஆனா அது அப்படியே காலப்போக்குல போயிடும்னு நெனக்கறதுதான் தப்பு. பிரிட்டன்லயும் நியூசிலாந்துலயும் பிரசவமான பெண்கள 12 வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க, 3வது மாசத்துல கசிவு இருந்தவங்கள்ல கிட்டத்தட்ட 4ல 3 பேருக்கு 12 வருஷம் கழிச்சும் இருந்துச்சு. எனக்கு இந்த எண்ணிக்கைய படிச்சப்ப மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா அவங்கள்ல எத்தன பேர் யார்கிட்டயும் சொல்லாம பேட் வச்சுக்கிட்டே இத்தன வருஷத்த ஓட்டியிருப்பாங்கன்னு தெரியும், என்கிட்ட வர்றவங்க பலர் பிள்ளைங்க காலேஜ் போற வயசுலதான் முதல் தடவையா வாய் திறந்து சொல்றாங்க.

"சிசேரியன் பண்ணியிருந்தா இதெல்லாம் வந்திருக்காதுல்ல"ன்னும் கேட்டிருக்கீங்க. கொஞ்சம் குறைஞ்சிருக்கும், இல்லாம போயிருக்காது. நார்வேல 15,000 பெண்களுக்கு மேல விசாரிச்சு 2003ல வந்த ஆய்வுல, குழந்தையே பெறாதவங்கள்ல சுமார் 10 சதவீதம் பேருக்கும், சிசேரியன் மட்டும் ஆனவங்கள்ல 16 சதவீதம் பேருக்கும், நார்மல் டெலிவரி ஆனவங்கள்ல 21 சதவீதம் பேருக்கும் கசிவு இருந்துச்சு. அதாவது கர்ப்பமா இருக்கறதே ஒரு பாரம்தான், 9 மாசம் அந்த எடைய தாங்கறதும் அதே தசைதான். அந்த நேரத்துல குழந்தைய பத்திரமா வெளிய எடுக்க எது தேவைப்பட்டதோ அதத்தான் செஞ்சிருப்பாங்க, அத நெனச்சு இப்ப வருத்தப்படறதுல உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

சரி, கெகல் ஏன் வேலை செய்யல. இதுக்கு நிதானமா பதில் சொல்றேன், உங்க கேள்வியோட முடிச்சு இங்கதான் இருக்கு. அர்னால்ட் கெகல்னு ஒரு அமெரிக்க கைனகாலஜிஸ்ட் 1948ல இந்தப் பயிற்சிய பத்தி எழுதினாரு. அவர் சும்மா சுருக்கி விடுங்கன்னு வாயால சொல்லி அனுப்பல, உள்ள விரல் வச்சு எந்த தசைன்னு காட்டிக்குடுத்து, எவ்வளவு அழுத்தம் வருதுன்னு அளக்கறதுக்கு ஒரு கருவியும் வச்சிருந்தாரு. இன்னைக்கு வீடியோல வர்றதுல அந்தப் பாதி காணாமப் போயிடுச்சு. 1991ல ஒரு ஆய்வு, 47 பெண்களுக்கு வாயால மட்டும் சுருக்கமா சொல்லிக்குடுத்து செய்ய சொல்லி அளந்து பாத்தாங்க, சரியா செஞ்சவங்க பாதிப் பேர்தான், 4ல 1 ஆளு செஞ்ச விதம் கசிவ இன்னும் அதிகமாக்கக் கூடிய மாதிரி இருந்துச்சு, அதாவது மேல தூக்கறதுக்கு பதிலா கீழ முக்கிக்கிட்டு இருந்தாங்க. நீங்க 2 மாசமா எத செய்யறீங்கன்னு உங்களுக்கே தெரிய வழியில்ல, அதுல உங்க தப்பு எதுவும் இல்ல. கண்ணுக்குத் தெரியாத தசை, பிரசவத்துக்கு அப்புறம் அங்க உணர்ச்சியே மங்கிப் போயிருக்கும்.

ரெண்டாவது சாத்தியம் மேல சொன்னது, தசை எலும்புலேருந்து பிஞ்சிருக்கறது. அப்படி இருந்தா எந்த எக்சர்சைஸும் அத திரும்ப ஒட்ட வைக்காது, இது நிச்சயம். ஆனா மிச்சமிருக்கற தசைய, இன்னொரு பக்கத்து தசைய பலப்படுத்தினா நல்ல அளவு ஈடுகட்ட முடியும், அதுக்கு பயிற்சி வேற மாதிரி அமைக்கணும், எதிர்பார்ப்பையும் அதுக்கு ஏத்த மாதிரி வச்சுக்கணும். இல்லாட்டி "நான் சரியா பண்ணல போல"ன்னு உங்களயே நீங்க குத்தம் சொல்லிக்கிட்டு ஒரு நாளைக்கு 200 தடவ சுருக்கிக்கிட்டு இருப்பீங்க.

மூணாவது சாத்தியத்த யாருமே சொல்றதில்ல, அதான் எனக்கு ஆதங்கம். தசை தளர்ந்து போகாம, விடவே தெரியாம இறுகிப் போயிருக்கறது. வலியோட ஒரு பிரசவம், தையல், அப்புறம் எப்ப கசியுமோ எப்ப ஏதாவது கீழ விழுந்துடுமோன்னு பயம், இதனால நாள் முழுக்க தெரியாமலே இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க. நாள் பூரா முஷ்டிய மடக்கியே வச்சிருக்கற கையால ஒரு சாமான எடுக்க முடியுமா, மொதல்ல விரிச்சாத்தானே திரும்ப பிடிக்க முடியும், அதேதான் இங்கயும். இறுகின தசைக்கு இருமல் வர்ற நேரத்துல மேற்கொண்டு சுருங்க இடமே இருக்காது, அதனால கசியும். பாக்கறதுக்கு பலவீனம் மாதிரியே இருக்கும், ஆனா வைத்தியம் நேர் எதிர். இவங்க கெகல் பண்ணப் பண்ண வலி அதிகமாகும், யூரின் முழுசா போகாத மாதிரி இருக்கும், மோஷன் போக கஷ்டமா இருக்கும். உங்களுக்கு தாம்பத்தியத்துல வலி இருக்குன்னு சொன்னதாலயும், டாம்பூன் (மாதவிடாய்க்கு உள்ள வைக்கற பஞ்சு) கூட வைக்க முடியலன்னு எழுதினதாலயும் இது இருக்கலாம்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. சந்தேகம் மட்டும்தான். ஒரே ஆளுக்கு ஒரு பக்கம் பிஞ்சு இன்னொரு பக்கம் இறுகியும் இருக்கலாம், அப்படியும் நிறைய பாத்திருக்கேன். இதனாலதான் பரிசோதிக்காம இன்னும் கொஞ்சம் கூட்டி பண்ணுங்கன்னு நான் யாருக்கும் சொல்றதில்ல.

அதுவரைக்கும் வீட்டுல என்ன பண்ணலாம்னா, நீங்க பண்றத நிறுத்திட்டு முதல்ல விட கத்துக்கோங்க. மல்லாந்து படுத்து முழங்கால மடக்கி, மூச்ச வயிறு உப்பற மாதிரி இழுங்க, அப்ப கீழ இருக்கற தசை மெதுவா இறங்கி விரியும், அத உணர முடியுதான்னு பாருங்க. ஒரு வாரம் இத மட்டும் பண்ணுங்க. அப்புறம் மூச்ச வெளிய விடறப்ப, வாயு வெளிய போகாம அடக்கற மாதிரி பின்னாடிலேருந்து ஆரம்பிச்சு முன்னாடி யூரின அடக்கற மாதிரி உள்ளயும் மேலயும் இழுங்க, முழுசா விடுங்க. விடறதுக்கு சுருக்கறத விட கூட நேரம் குடுங்க. தொடையோ பின்புறமோ இறுகினா, மூச்சு நின்னா, வயிறு வெளிய தள்ளினா தப்பா போகுதுன்னு அர்த்தம். ஒரு கண்ணாடி வச்சு பாக்கலாம், சரியா செஞ்சா பெண்ணுறுப்புக்கும் மலத்துவாரத்துக்கும் நடுவுல இருக்கற இடம் உள்ள போகும், வெளிய துருத்துனா முக்கறீங்க. யூரின் போறப்ப பாதியில நிறுத்தி நிறுத்தி பழகாதீங்க, சிறுநீர்ப்பை முழுசா காலியாகற இயல்ப அது கெடுக்கும். சரியான தசைதான்னு ஒருத்தர் உறுதி பண்ணினதுக்கு அப்புறம் பிரிட்டனோட வழிகாட்டுதல் சொல்ற அளவு போதும், ஒரு வேளைக்கு குறைஞ்சது 8 சுருக்கம், நாளைக்கு 3 வேளை, ஒருத்தரோட மேற்பார்வைல குறைஞ்சது 3 மாசம். 2 மாசத்துல மாத்தம் தெரியலன்னு கைவிட்டுடறவங்க அதிகம், தசை கனப்பட அவ்வளவு நாள் எடுக்கும். வலி இருந்தா இந்த ரெண்டாவது பகுதிக்கு போகாதீங்க, விடற பயிற்சியோட நில்லுங்க.

இன்னொன்னு, இருமல் வரப்போகுதுன்னு தெரிஞ்ச உடனே, வர்றதுக்கு முன்னாடியே தசைய சுருக்கிப் பிடிச்சு, இருமி முடிச்சதும் விட்டுடறது. 1998ல வயசான பெண்கள் 27 பேர வச்சு செஞ்ச சின்ன ஆய்வுல இந்த நேரம் பாத்து சுருக்கற பழக்கம் ஒரே வாரத்துல கசிவ நல்லா குறைச்சிடுச்சு, பலம் கூடறதுக்கெல்லாம் ஒரு வாரம் பத்தாது, அதனால வேலை செஞ்சது அந்த நேரக் கணக்குதான். சின்ன ஆய்வுதான், பிரசவமான பெண்கள் கிட்ட செஞ்சதும் இல்ல, ஆனா என் அனுபவத்துல முதல்ல பலன் தெரியறது பெரும்பாலும் இதுலதான்.

கசியுதேன்னு தண்ணி குடிக்கறத குறைச்சிருந்தா தயவுசெஞ்சு அத மாத்துங்க. தாய்ப்பால் குடுக்கறவங்களுக்கு தண்ணி கூட வேணும், குறைச்சா யூரின் கெட்டியாகி சிறுநீர்ப்பைய உறுத்தும், மோஷனும் இறுகும். முக்கி முக்கி மோஷன் போறது இந்த தசைக்கு நீங்க தினமும் குடுக்கற கஷ்டம். வெஸ்டர்ன் டாய்லெட்னா காலுக்கு கீழ ஒரு ஸ்டூல் வச்சு முழங்கால உயர்த்தி முன்னாடி சாஞ்சு உக்காருங்க.

கீழ கனமா இருக்கறதுக்கு வர்றேன். இத அடி இறக்கம்னு சொல்லுவாங்க, கர்ப்பப்பை மட்டும் இல்ல, பிறப்புறுப்போட முன் சுவர் வழியா சிறுநீர்ப்பையும், பின் சுவர் வழியா மலக்குடலும் இறங்கலாம். காலைல எழுந்தப்ப ஒன்னும் இல்லாம, நின்னு நடந்து குழந்தைய தூக்கி சாயங்காலம் ஆனா கனம் ஏறி, படுத்தா குறையறதா நீங்க சொன்னது இதோட பொருந்துது. ஆனா தசை இறுக்கமும், ஹார்மோன் குறைஞ்சு தோல் வறண்டிருக்கறதும் இதே மாதிரி உணர்வ குடுக்கும், அதனால உணர்வ மட்டும் வச்சு இறக்கம்னு முடிவு பண்ண முடியாது. அப்படியே இருந்தாலும் பயப்படாதீங்க, குழந்தை பெத்தவங்கள பரிசோதிச்சா பாதிப் பேருக்கு ஏதோ ஒரு அளவு இறக்கம் இருக்கத்தான் செய்யுது, பெரும்பாலானவங்களுக்கு அது தெரியறதே இல்ல, பிறப்புறுப்பு வாசல் வரைக்கும் வந்தாத்தான் பொதுவா தொந்தரவு தெரிய ஆரம்பிக்கும். 2014ல பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மூணு நாட்டுலயும் சேத்து 400 பேருக்கு மேல வச்சு நடந்த ஆய்வுல, ஆளுக்கு ஏத்த மாதிரி சொல்லிக்குடுத்த பயிற்சி ஒரு வருஷத்துல தொந்தரவ குறைச்சுது. பயிற்சி போதலன்னா பெஸரின்னு சிலிகான்ல ஒரு வளையம் உள்ள வச்சு தாங்கிப் பிடிக்கலாம், உங்க வயசுலயும் வைக்கலாம், வேணாம்னா எடுத்துடலாம். ஆபரேஷன இன்னொரு குழந்தை வேணும்னு நெனக்கறவங்களுக்கு பொதுவா தள்ளித்தான் வைப்பாங்க, அடுத்த பிரசவத்துல செஞ்சது வீணாகிடலாம்ங்கறதால.

தாம்பத்திய வலிய நீங்க கடைசியா ஒரு வரில எழுதியிருந்தீங்க, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, கதவு வரைக்கும் போயிட்டு திரும்பி நின்னு. ஆஸ்திரேலியால முதல் பிரசவம் ஆன பெண்கள தொடர்ந்து கேட்டுப் பாத்ததுல, பிரசவத்துக்கு அப்புறம் முதல் தடவ உறவு வச்சப்ப 100ல 85 பேருக்கு மேல வலி இருந்திருக்கு, 6வது மாசத்துலயும் 43 பேருக்கு இருந்திருக்கு, 12வது மாசத்துல 28. உங்க கணவருக்கும் இத படிச்சு காட்டுங்க, ஆசை இல்லன்னோ வெறுப்புன்னோ அவர் தப்பா நெனச்சிக்கக் கூடாது. காரணம் பெரும்பாலும் மூணு. தாய்ப்பால் குடுக்கற வரைக்கும் ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் குறைவா இருக்கும், மாதவிடாய் நின்னு போனவங்களுக்கு வர்ற மாதிரியே பிறப்புறுப்பு வறண்டு தோல் மெலிஞ்சுடும், இதுக்கு லூப்ரிகண்ட் (வழவழப்பாக்கற ஜெல்) உதவும் (ஆணுறை பயன்படுத்தினா எண்ணெய் கலந்தது கூடாது, ரப்பர் கிழியும்), பத்தலன்னா டாக்டர் உள்ள தடவற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் தரலாம், தாய்ப்பால் குடுக்கறீங்கன்னு சொல்லிட்டு கேளுங்க. அடுத்தது தையல் தழும்பு இறுகி இழுக்கறது, அத மெதுவா தேச்சு இளக வைக்க சொல்லிக்குடுப்பாங்க. மூணாவது, நான் ஏற்கனவே சொன்ன தசை இறுக்கம். வலிய பொறுத்துக்கிட்டு ஒத்துழைக்கறது மட்டும் வேணாம், ஒவ்வொரு தடவ வலிக்கறப்பவும் தசை அடுத்த தடவ இன்னும் முன்கூட்டியே இறுக கத்துக்குது.

வயித்துத் தசை ரெண்டும் விலகி நடுவுல பிளவு இருக்கு, 2 விரல் போகுதுன்னு எழுதினதுக்கு ரொம்ப கவலைப்படாதீங்க. நார்வேல 300 பேர பாத்ததுல 6வது மாசத்துல 45 சதவீதம் பேருக்கு அது இருந்துச்சு, ஒரு வருஷத்துல 3ல 1 ஆளுக்கு, பிளவு இருந்தவங்களுக்கு முதுகுவலி அதிகமா இருந்ததுன்னும் இல்ல.

எது உறுதி, எதுல இழுபறின்னு சொல்லாம விட்டா நியாயமா இருக்காது. கர்ப்பமா இருக்கறப்பவே, கசிவு வர்றதுக்கு முன்னாடியே இந்தப் பயிற்சிய ஆரம்பிச்சவங்களுக்கு பிரசவத்துக்கு அப்புறம் கசிவு குறையுதுங்கறது நல்ல ஆதாரத்தோட இருக்கு. கசியற பெண்களுக்கு பொதுவா, எந்த வயசுலயும், மேற்பார்வையோட செய்யற பயிற்சி பலன் தருதுங்கறதும் அப்படித்தான். ஆனா பிரசவமான எல்லாருக்கும், தொந்தரவு இருந்தாலும் இல்லாட்டியும், வருமுன் காப்போம்னு பயிற்சி குடுக்கறத உலக சுகாதார நிறுவனம் 2022ல பரிந்துரைக்கல. பிரசவத்துக்கு அப்புறம் கசிவு தங்கிப் போனவங்கள மட்டும் தனியா எடுத்து பாத்தா ஆய்வு முடிவுகள் ஒன்னுக்கொன்னு ஒத்துப் போகல. என் கருத்து என்னன்னா, பலவீனம், பிஞ்சது, இறுகினதுன்னு எல்லாரையும் பிரிக்காம ஒரே பயிற்சிய குடுத்தா சராசரி குழம்பத்தான் செய்யும், இது வேலை செஞ்ச அனுபவத்துல சொல்றது, நிரூபிச்சு சொல்றது இல்ல. லேசர் வச்சு இறுக்கித் தர்றோம்னு விளம்பரம் வந்தா பணத்த குடுக்காதீங்க, அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. 2018லயே இந்த மாதிரி கருவிகளால தீக்காயம், தழும்பு, தீராத வலி வருதுன்னு எச்சரிச்சிருக்கு. வயித்துல பெல்ட் கட்டினா நடக்க சௌகரியமா இருக்கலாம், ஆனா கீழ கனம் இருக்கறவங்க இறுக்கிக் கட்டினா அழுத்தம் கீழதான் போகும், அத கழட்டிட்டு ஒரு வாரம் இருந்து பாருங்க.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி 3 நாள் ஒரு பேப்பர்ல எழுதி வைங்க, எவ்வளவு குடிச்சீங்க, எத்தன தடவ யூரின் போனீங்க, எப்ப என்ன செய்யறப்ப கசிஞ்சுது. டிஸ்சார்ஜ் பேப்பர கையோட எடுத்துட்டு போங்க, தையல் எத்தனாவது டிகிரி கிழிசலுக்குன்னு அதுல இருக்கும், 3 இல்ல 4ன்னா மலத்துவாரத் தசை வரைக்கும் கிழிஞ்சிருக்குன்னு அர்த்தம், அப்ப வாயுவோ மோஷனோ அடக்க முடியாம போகுதான்னு கேப்பாங்க, வெக்கப்படாம உண்மைய சொல்லுங்க, அதுக்கும் வைத்தியம் இருக்கு. "படுத்தும் நின்னும் இருமச் சொல்லி பாருங்க, உள்ள விரல் வச்சு தசை ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கா, சுருங்குதா, விடுதான்னு பாருங்க"ன்னு நேரடியா கேளுங்க, தேவைப்பட்டா ஸ்கேன்லயும் தெரியும். இடுப்புத்தளத்துல பயிற்சி எடுத்த பிசியோதெரபிஸ்ட்டுக்கு எழுதித் தர சொல்லுங்க. உள்ள பரிசோதிக்கறது உங்க சம்மதத்தோடதான், எப்ப வேணாம்னு சொன்னாலும் அவங்க நிறுத்தணும். யூரின் எரிச்சலோ ரத்தமோ, காய்ச்சல், துர்நாற்றத்தோட வெள்ளைப்படுதல், யூரின் போகவே முடியாம அடைச்சுக்கறது, தொடை நடுவுல மரத்துப் போறது, வெளிய வந்த சதை உள்ள போகாம நிக்கறது, இதுல எது இருந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்காக காத்திருக்காம அன்னைக்கே போங்க. இதையெல்லாம் தாண்டி தினமும் அழுக வருது, எதுலயும் பிடிப்பு இல்லன்னு இருந்தா அதையும் அதே டாக்டர்கிட்ட சொல்லுங்க, கசிவோட நாளத் தள்றவங்களுக்கு மனசும் சோர்ந்து போறது நான் அடிக்கடி பாக்கறது.

கடைசியா, குழந்தைய தூக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா தூக்குங்க. மூச்ச அடக்கிக்கிட்டு தூக்காம, குழந்தைய உடம்போட ஒட்டி அணைச்சு, மூச்ச வெளிய விட்டுக்கிட்டே எழுந்திருங்க. கனம் ரொம்ப தெரியற சாயங்காலத்துல ஒரு அரை மணி நேரம் இடுப்புக்கு அடியில தலையணை வச்சு படுங்க, அந்த நேரத்துக்கு குழந்தைய வீட்டுல இருக்கற வேற யாராவது வச்சுக்கட்டும்.